திறந்த பொதிக்கு ஒரு திறந்த மடல்

ஐயா / அம்மணி,

கடந்த செவ்வாய்க்கிழமை காலை உங்கள் தபால் நிலையத்தின் மூன்றாவது கவுன்டரில், ஸ்டேப்ளர் கம்பி குத்திய ஒரு சின்ன அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டவன் நான்தான். முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கவுன்டரில் இருந்த தம்பிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று பிறகுதான் விளங்கியது. அவர் பொதியை எடுத்துக் கொடுப்பவர் மட்டும். வெளிநாட்டுப் பொதிகளைப் பிரித்துப் பார்ப்பவர்கள் கதவுக்கு அப்பால் இருக்கிறார்கள். இந்த மடலும் கதவுக்கு அப்பால் இருப்பவர்களுக்குத்தான்.

அந்தப் பொதியில் இருந்தவை இரண்டே பொருட்கள். ஒன்று, கார்ப் பந்தய வீரர் நிக்கி லவுடாவின் நினைவுநூல், பழைய பிரதி. மற்றது, தொண்ணூறுகளில் அவுஸ்திரேலியாவில் அச்சான முத்தையா முரளிதரன் கிரிக்கெட் கார்ட், அதாவது வீரரின் படம் போட்ட, சேகரிக்கிற சின்ன அட்டை. மெல்பேர்னில் இருக்கும் என் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 12 டொலருக்கு வாங்கியது. மச்சான் அதைக் கட்டி அனுப்பிய விதத்தைப் பார்த்தால் முட்டை அனுப்புகிறார் என்று நினைப்பீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் வளையாத தடித்த உறை, இரண்டு பக்கமும் அட்டை, அதைச் சுற்றிக் குமிழிப் பிளாஸ்டிக்.

உங்களவர்கள் அதையெல்லாம் கழற்றியிருக்கிறார்கள். சரி, அது உங்கள் வேலை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கழற்றியதைத் திரும்பப் போடவில்லை. கார்டை வெறுமனே ஒரு காகித உறைக்குள் போட்டு, உங்கள் துண்டுச்சீட்டை மேலே வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குத்தாக ஸ்டேப்ளர் அடித்திருக்கிறார்கள். நான் கம்பியை நகத்தால் மெல்ல நிமிர்த்தி எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டைகள். சரியாக முரளியின் வலது முழங்கையில்.

அந்த முழங்கையின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1995 பொக்சிங் டே டெஸ்ட்டில், இதே மெல்பேர்னில், முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோ போல் கொடுத்தார் நடுவர் டெரல் ஹெயார். அதற்குப் பிறகு ஆய்வுகூடத்தில் படம் பிடித்தார்கள், பாகை அளந்தார்கள், கடைசியில் எந்தப் பந்துவீச்சாளரின் முழங்கையும் 15 பாகை வரை நிமிரலாம் என்று விதியே வந்தது. 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டையும் எடுத்துவிட்டு மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். இத்தனை பேர் சந்தேகப்பட்ட அந்தக் கையில் ஒருவரும் ஓட்டை மட்டும் போடவில்லை. அந்தக் குறையை நீங்கள் தீர்த்து வைத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பொதியைத் திறப்பதென்றால், பெறுபவரைக் கூப்பிட்டு அவர் கண் முன்னால் திறவுங்கள்.

'12 டொலர் அட்டைக்கு இவ்வளவு கதையா' என்று நீங்கள் நினைக்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டார். இந்தக் கார்டுகள் இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். இவற்றின் மதிப்பைத் தீர்மானிப்பவை நான்கு மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் நிற்கிறதா என்பது. மூலை கொஞ்சம் மழுங்கினாலே ஒரு படி இறங்கிவிடும். 1952இல் அச்சான மிக்கி மான்டில் என்ற பேஸ்போல் வீரரின் கார்ட் ஒன்று 2022இல் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது என்றால், எழுபது வருடமாக யாரோ அதன் மூலைகளைக் காப்பாற்றி வைத்திருந்ததுதான் காரணம். என்னுடைய முரளிக்கு அப்படி விலை வராது, எனக்கும் விற்கும் எண்ணம் இல்லை. ஆனால் ஓட்டை விழுந்த கார்டுக்கு எங்கள் கூட்டத்தில் ஒரு பெயர்தான் உண்டு: புத்தக அடையாளம்.

அன்று நடந்த விசாரணையையும் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து வந்த அதிகாரி துண்டுச்சீட்டை வாசித்தார். அதில் எழுதியிருந்தது: காட்ஸ் 1, ரேஸ் புத்தகம் 1.

"காட்ஸ் ஒன்றுதானா? மிச்சம் எங்கே?" என்று கேட்டார்.

இது முந்நூற்று நாலு விளையாடுகிற காட்ஸ் இல்லை, சேகரிக்கிற கார்ட் என்றேன். அவர் அடுத்ததாகப் புத்தகத்தைப் புரட்டினார். "ரேஸா? பந்தயம் கட்டப் புக்கிக்குப் போகிறீர்களா?" பின்னால் வரிசையில் நின்ற வயதான அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'உங்கள் வீட்டில் தெரியுமா தம்பி' என்று கேட்காத குறைதான். குதிரை இல்லை ஐயா, கார் என்று நான் விளக்கிய நேரத்தில் புத்தகத்தின் அட்டையில் சிவப்பு மார்க்கரால் பதிவு இலக்கத்தை எழுதிவிட்டார்கள். லவுடாவின் முகத்துக்குக் குறுக்கே.

இதைக் கேட்காமலும் விட முடியவில்லை. பொதி வந்திருக்கிறது என்று நீங்கள் அனுப்பும் அறிவித்தல் அட்டையில் தமிழுக்கென்று விட்ட கட்டம் காலியாக இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், அதனால் பிழைத்தேன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மா இப்படி வந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மருந்துக் கடைக்கு ஓடுகிறார், வாசித்துச் சொல்லச் சொல்லி. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. கட்டம் போட்டதும் அதற்காகத்தானே? நிரப்ப ஆள் இல்லையென்றால் கட்டத்தையாவது எடுத்துவிடுங்கள், நாங்கள் ஏமாறாமல் இருப்போம். அப்புறம் தாமதக் கட்டணம். அட்டை என் கைக்கு வருமுன்னே நாள் எண்ணத் தொடங்கி 450 ரூபாய் எடுத்தீர்கள். தாமதித்தது நானா? ஸ்டேப்ளர் கம்பிக்குத் தனியாகக் கட்டணம் போடாததற்கு நன்றி.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

அன்று பின்னேரம் 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் வரும்போதே புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். மார்க்கர் அட்டையோடு நின்றுவிட்டது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பந்தய ஓட்டுநர்களின் நினைவுநூல்களை நான் தேடி வாசிப்பது வெற்றிக் கதைகளுக்காக இல்லை. 1976 ஆகஸ்ட் 1ஆம் திகதி ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் லவுடாவின் கார் தீப்பிடித்தது. சக ஓட்டுநர்கள் ஓடிவந்து அவரை வெளியே இழுத்தார்கள். ஆறு கிழமையில், தீக்காயம் ஆறாத தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இத்தாலியின் மொன்சா பந்தயத்தில் நான்காவதாக வந்தார். அதே மனிதர் ஒக்டோபரில் ஜப்பானின் ஃபூஜியில், வருடத்தின் கடைசிப் பந்தயத்தில், கொட்டும் மழையில் இரண்டு சுற்றோடு காரை நிறுத்தி இறங்கிவிட்டார். ஒரு புள்ளியால் அந்த வருட உலகப் பட்டம் அவருடைய போட்டியாளர் ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போனது. மொன்சாவைவிட ஃபூஜிக்குத்தான் அதிக துணிச்சல் வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் மொழியில் இப்படி ஒரு புத்தகத்தை நான் இன்னும் கண்டதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன நரேன் கார்த்திகேயன் 2005 அமெரிக்க கிராண்ட் பிரீ கார்ப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். டயர் பிரச்சினையால் மற்றவர்கள் விலகிக்கொள்ள, அன்று ஓடியது ஆறே ஆறு கார்கள். அந்த நாளை அவரே தமிழில் எழுதினால் முதல் பிரதி எனக்கு. அதுவரை வெளிநாட்டுப் பொதிதான் எனக்குக் கதி. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு தூரம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

எனக்கு நட்டஈடு வேண்டாம். அந்த 450 ரூபாயும் இருக்கட்டும். பெறுபவரைக் கூப்பிட்டு அவர் கண் முன்னால் திறவுங்கள், அவ்வளவுதான். கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவும் நானே கொண்டு வருகிறேன். அரை நாள் லீவு போடுவதும் எனக்குப் பழகிவிட்டது.

மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன். அதே முரளி கார்டில் இன்னொரு பிரதியைத் தேடிப் பிடித்து, போன வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார். பொதியின் மேல் என் தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன், மூன்று மொழியிலும் ஒரு வரியோடு: "தயவுசெய்து கூப்பிடுங்கள், வருகிறேன்."

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு கார்ட் சேகரிப்பாளன்