அடுத்த வேலைக்குப் போகும் முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருக்கிறது, சம்பளம் 20 சதவீதம் கூடும், ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருந்தாய். போனால் ஆறு வருடத்தில் இது ஐந்தாவது இடம். எங்கே போனாலும் ஒன்றரை வருடத்துக்குள் அதே சலிப்பு வந்துவிடுகிறது என்பதுதான் உன்னை உறுத்துகிறது. இங்கே எல்லோரும் நலம். எனக்கு இந்த மாதம் முழுக்க ஆள் எடுக்கும் வேலை. குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் உன் கேள்விக்கு அவசரம் இருக்கிறது.

முதலில் அந்த ஒன்றரை வருடம். அதை உன் குணக்கேடு என்று நினைக்காதே. வெண்டி பாஸ்வெல்லும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உயர்நிலை மேலாளர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வேலை மாறுவதற்கு முன் திருப்தி குறைந்திருந்தது. மாறியவுடன் சட்டென்று ஏறியது. அதன் பிறகு மறுபடி இறங்கியது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். புது இடத்தில் எல்லோரும் பொறுமையாக விளக்குவார்கள், தவறு செய்தால் பொறுத்துக்கொள்வார்கள், நாளுக்கு ஒன்று கற்றுக்கொள்வாய். இரண்டாம் வருடம் அந்தச் சலுகை தீர்ந்துவிடும். முன்பு இருந்தவர் விட்டுப்போன குழப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தது உன் பொறுப்பாகிவிடும். ஆகவே இரண்டாம் வருடச் சரிவை மட்டும் வைத்து ராஜினாமா எழுதக் கூடாது. நான்கு இடத்திலும் சரிவுக்கு ஒரே காரணமா, வேறு வேறு காரணமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். தினமும் வேலை முடிந்ததும் மூன்று நெடுவரிசையாக எழுது: என்ன செய்தாய், எவ்வளவு நேரம், முடித்தபோது தெம்பு கூடியதா குறைந்ததா. மூன்றாவதற்குக் கூட்டல், கழித்தல், சுழியம் என்று ஒரு குறி போதும். நான்கு வாரம் எழுத வேண்டும். ஒரே வாரம் என்றால் மாதக் கணக்கு முடிக்கும் வாரமோ, மேலாளர் விடுப்பில் போன வாரமோ சிக்கி, படம் கோணலாகிவிடும். உனக்கு அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் போன நான்கு வாரத்தின் நாட்காட்டியையும், அனுப்பிய மின்னஞ்சல்களையும் திறந்து வைத்துக்கொண்டு பின்னோக்கி நிரப்பு. வெறும் நினைவை நம்பாதே. மனம் கடைசியாக நடந்த சண்டையைத்தான் பெரிதாகக் காட்டும்.

பிறகு கழித்தல் குறி விழுந்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணத்தை எழுது: சம்பளம், மேலாளர், நேரம், விதிமுறை, அல்லது வேலையேதான். இந்தப் பிரிப்பு முக்கியம். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கின் குழு அங்கே பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959இல் வெளியிட்ட முடிவு இதைத்தான் சொல்கிறது. சம்பளம், மேற்பார்வை, விதிமுறை மோசமானால் அதிருப்தி வருகிறது. அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி போகுமே தவிர, நிறைவு வந்துவிடாது. நிறைவு தருபவை சாதித்த உணர்வு, பொறுப்பு, வேலையின் தன்மை. இதற்கு மறுப்பும் உண்டு: நல்லது நடந்தால் தன் திறமை என்பதும், கெட்டது நடந்தால் சூழல் என்பதும் மனித இயல்பு, பேட்டியில் அதுதான் வெளிப்பட்டது என்றார்கள். நியாயமான மறுப்புதான். ஆனாலும் உன் விஷயத்தில் இந்தப் பிரிப்பு உதவும். நிறுவனம் மாறினால் மேலாளர் மாறுவார், நேரம் மாறும். வேலையே பிடிக்கவில்லை என்றால் அதே பதவிப் பெயரில் ஐந்தாவது இடத்திலும் அதே வேலைதான் காத்திருக்கும்.

வேலையே காரணம் என்று வந்தால் அதை இன்னும் பிரித்துப் பார்க்கலாம். 1970களில் ஹேக்மன், ஓல்டம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேலையில் பார்க்க வேண்டிய ஐந்து அம்சங்களைச் சொன்னார்கள்: பலவகைத் திறமை தேவைப்படுவது, ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நீயே செய்வது, அதனால் அடுத்தவருக்குப் பயன் இருப்பது, எப்படிச் செய்வது என்று நீயே தீர்மானிப்பது, செய்தது சரியாக வந்ததா என்று தெரிவது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடு. முதல் மூன்றின் சராசரியை எடுத்து, நான்காவதாலும் ஐந்தாவதாலும் பெருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வெறுமனே கூட்டினாலும் ஏறக்குறைய அதே பலன் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின, அதனால் வரும் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. எந்த அம்சம் நான்கு இடத்திலும் 2ஐத் தாண்டவில்லை என்று பார். நீ எழுதும் விதத்தை வைத்துச் சொல்கிறேன், உனக்கு அது ஐந்தாவதாகத்தான் இருக்கும். ஒன்றரை வருடத்தில் கிளம்பிவிட்டால் செய்தது நிலைத்ததா, உடைந்ததா என்று பார்க்கவே வாய்ப்பு இல்லையே!

அப்படியானால் இப்போதைய மேலாளரிடம் ஒருமுறை பேசிப் பார்ப்பது நல்லது. வருட மதிப்பீட்டுக் கூட்டத்தில் வேண்டாம், அங்கே சம்பளப் பேச்சு மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். ஏதாவது ஒரு வேலையை நன்றாக முடித்துக் கொடுத்த வாரத்தில் பேசு. 'சலிப்பாக இருக்கிறது' என்று போனால் அவரால் எதுவும் செய்ய முடியாது. எந்த ஒரு வேலையை விட விரும்புகிறாய், அதை யார் எடுத்துக்கொள்வார், பதிலாக எதை ஏற்பாய், எட்டு வாரம் கழித்து எதை வைத்து அளப்பது என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போ. எட்டு வாரம் என்று எல்லை வைத்தால் சம்மதிப்பது அவருக்கும் எளிது.

இதெல்லாம் பொருந்தாத இடங்களும் உண்டு. சம்பளம் தவறிப்போகிறது, அவமதிப்போ சீண்டலோ நடக்கிறது, பொய்க்கணக்கு எழுதச் சொல்கிறார்கள், உடல் கெடுகிறது என்றால் பட்டியல் எதுவும் வேண்டாம், கிளம்புவதற்கான வழியைப் பார்.

இப்போது அந்த 20 சதவீதம். வாரத்துக்கு வேலையும் பயணமும் சேர்த்து இப்போது 45 மணி நேரம் போகிறது, அங்கே 54 ஆகும் என்று வைத்துக்கொள். நேரமும் சரியாக 20 சதவீதம் கூடிவிட்டது. மணிக்கு வரும் தொகை அப்படியேதான் இருக்கிறது. சேரும்போது ஒரேயொரு முறை தரும் ஊக்கத்தொகையைக் கணக்கில் சேர்க்காதே, அடுத்த வருடம் அது இருக்காது. சம்பளத்தில் ஒரு பகுதியை, வேலையின் பலனைப் பொறுத்து மாறும் தொகை என்று போட்டிருந்தால், போன வருடம் அந்தப் பிரிவில் எத்தனை சதவீதம் கைக்கு வந்தது என்று கேள். பணிக்காலத்தை வைத்து இங்கே சேரவேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் கழித்துக்கொள்.

புது இடத்தாரிடம் கேட்க வேண்டியதும் நிறைய. இந்த இடம் ஏன் காலியானது, இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார்? முதல் மூன்று மாதத்தில் எதை முடித்தால் திருப்தி என்பீர்கள்? சின்ன மாற்றம் ஒன்றுக்கு எத்தனை பேர் ஒப்புதல் வேண்டும்? போன வாரம் ஒரு சாதாரண நாள் எப்படிப் போனது? கடைசிக் கேள்வியை மேலாளரிடம் கேட்காதே, அதே குழுவில் வேலை செய்பவரிடம் தனியாகக் கேள். தனியாகப் பேச விடமாட்டோம் என்றால் அதையும் குறித்துக்கொள். இரண்டாவது கேள்விக்கு இருவர் இருவிதமாகப் பதில் சொன்னால் அந்தப் பதவி இன்னும் முடிவாகவில்லை. அங்கே சேருபவர் முதல் ஆறு மாதம் தன் வேலை என்னவென்று தேடிக்கொண்டிருப்பார்.

அடிக்கடி மாறியதை எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தாய். எண்ணிக்கையை விட, எதையாவது முடித்தாரா என்றுதான் நான் தேடுவேன். ஒவ்வொரு இடத்துக்கும் நீ முடித்துக் கொடுத்த ஒரு வேலையையும் அதனால் என்ன மாறியது என்பதையும் எழுது. ஒப்பந்த வேலைகளை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவா. தேதியை மட்டும் நீட்டாதே, சரிபார்க்கும்போது முதலில் அகப்படுவது அதுதான். ஏன் விலகினாய் என்றால் இரண்டு வாக்கியம் போதும், அதில் பழைய மேலாளர் வரக் கூடாது.

போவது என்றே முடிவு செய்தால், கையெழுத்திட்ட பணி நியமனக் கடிதம் வந்த பிறகே ராஜினாமா. இங்கே சம்பளம் கூட்டித் தருகிறோம் என்று நிறுத்தப் பார்க்கலாம். உன் கழித்தல் வரிகளில் பெரும்பாலானவை சம்பளத்துக்கு எதிரே இருந்தால் யோசி, இல்லையென்றால் நன்றி சொல்லிவிடு.

அவர்கள் எந்தத் தேதிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேள், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அதற்குள் நான்கு வாரக் குறிப்பை நிரப்பி எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்