பணம் கட்டும் முன் ஓட்டிப் பார், கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்கைச் சொந்தமாகத் தொடங்கப் போகிறாய், அதற்கு அடோபி பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு ஒரு வருடச் சந்தா கட்டப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். தொடங்கு கண்ணு, பணம் நான் தருகிறேன். ஆனால் கட்டுவதற்கு முன் உன் லேப்டாப்பில், உன் வேலையை வைத்தே ஓட்டிப் பார்த்துவிடு.

பிரீமியருக்கு டிரையல் 7 நாள்தான். கார்டு நம்பர் கொடுத்துச் சேர்ந்த அன்றே நாள் ஓட ஆரம்பித்துவிடும், நீ அதைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும். ஆபீஸ் வேலை நெருக்குகிற வாரத்தில் தொடங்காதே. லீவு போட்டு, ஃபுட்டேஜை எல்லாம் ஹார்டு டிஸ்கில் அடுக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் தொடங்கு.

மாதிரி வீடியோவில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும், அதை நம்பாதே. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் நீ எடுத்தாயே, அதைப் போடு. காலை வெயிலில் கோபாலபுரம் வரைக்கும் அந்தக் கூட்டம், மேளச் சத்தத்தில் பேச்சே கேட்காத இடங்கள், ராத்திரி வாணவேடிக்கையில் புள்ளி புள்ளியாக விழுந்த படம், இதையெல்லாம் திக்காமல் வெட்டி ஒட்ட முடிந்தால் எந்தக் கல்யாணத்தையும் செய்துவிடலாம்.

அதே ஃபுட்டேஜை டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேரிலும் போட்டுப் பார். அதன் இலவசப் பதிப்புக்கு நாள் கணக்கே கிடையாது, 4கே யுஎச்டி வரை வெளியே எடுக்கலாம். ராத்திரிப் படத்தின் புள்ளிகளை நீக்கும் வசதி காசு கொடுக்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் இலவசத்தில் அதைப் போட்டால் படத்தின் மேல் முத்திரை விழுமே தவிர, எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஸ்டுடியோவை அமெரிக்காவில் 295 டாலருக்கு விற்கிறார்கள், ஒரே தடவை கட்டினால் போதும், சந்தா இல்லை. லாங்கு பஜார் மண்டியில் கணக்கெழுதும் எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. நான் கணக்கெழுதும் டேலி சாஃப்ட்வேரைக் காசு கட்டாமல் பழகிப் பார்க்கும் எஜுகேஷன் மோடில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி விழும், அதை வைத்து மண்டிக் கணக்கை ஓட்டிப் பார்க்க முடியாது. ரிசால்வின் இலவசப் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை.

பிரீமியர் டிரையல் முடிவதற்குள் செய்ததை எல்லாம் வீடியோவாக வெளியே எடுத்துவிடு, ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் கையில் இருந்தால் அப்புறம் திறக்காது. வேண்டாம் என்றால் கடைசி நாள் வரை காத்திராமல் கேன்சல் செய், இல்லாவிட்டால் கார்டில் இருந்து தானாகப் பணம் போய்விடும். வருடத்துக்கு ஒப்புக்கொண்டு மாதாமாதம் கட்டும் திட்டத்தில் பாதியில் விலகினால் அதற்கும் தொகை பிடிப்பார்கள், அந்த விதியை ஒரு வரி விடாமல் படி.

இரண்டிலும் ஒரே பாட்டுக்கு வெட்டி எனக்கு அனுப்பு. வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்றும் எழுது. இரண்டுமே திக்கினால் குறை லேப்டாப்பில்தான், முதலில் ராம் போட்டுக்கொள்ளப் பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா