மூன்றாம் வகுப்போடு ஓர் ஆண்டு: முன்னாள் மாணவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள், தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். எல்லா வகுப்புக்கும் நோட்டு, ஆண்டு விழாவுக்குப் பந்தல் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு வகுப்போடு ஆண்டு முழுக்கக் கூட இருப்பது என்று. பணத்தைவிட நேரத்தைக் கொடுப்போம் என்றும் பேசிக்கொண்டோம். தலைமையாசிரியர் மூன்றாம் வகுப்பைக் கை காட்டினார். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை சரளமாக வாசிக்கத் தொடங்குவதும், அப்படியே தேங்கிப் போவதும் இந்த வயதில்தான் என்றார். 21 பிள்ளைகள். அந்த 21 பேரைப் பற்றியதுதான் இந்த அறிக்கை.

முதலில் காலை வாசிப்பு. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து நம் பள்ளியிலும் பிள்ளைகள் நேரத்தோடு வந்துவிடுகிறார்கள். உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மணி அடிக்கும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரியவரிடம் ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. உறுப்பினர்கள் முறை வைத்து வந்தோம். ஆடி மாதத்தில் சில நாள் ஆள் வராமல் விட்டுப்போனது. அதற்குப் பொறுப்பு நான்தான். முறைப் பட்டியலை முன்கூட்டியே தந்திருக்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்க்கிறார்கள். ஜூன் மாதம் அரும்பு நிலையில் இருந்த ஒரு பையன் எங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் புத்தகத்தை மூடிவிடுவான். நம் உறுப்பினர் ஒருவருடைய தாயார், கொட்டான் என்கிற ஓலைக் கூடை முடைகிற அப்பத்தா, ஒரு நாள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர். "எனக்கு இது ஒண்ணும் தெரியாதுப்பு, நீதான் படிச்சுச் சொல்லணும்" என்று அவனிடம் சொன்னார். அவன் படித்தான். தப்பாகப் படித்தால் திருத்த அங்கே ஆள் இல்லை, கதை என்ன ஆச்சு என்று கேட்கத்தான் ஆள் இருந்தது. அன்றிலிருந்து அப்பத்தா தவறாமல் வந்தார். மார்ச் மாதம் அவன் மொட்டு நிலையைத் தாண்டிவிட்டதாக வகுப்பாசிரியர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வாசிக்கச் சொல்லிக் கொடுப்பவர் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பருவத்தில் ஐப்பசி மழை. பள்ளிக்கு எதிரே இருக்கும் பெரிய வீடு உங்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், கோயில் காரியத்துக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கும். தினமும் அதன் திண்ணையைத் தாண்டி வருகிற 21 பேரில் ஒரு பிள்ளைகூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்று கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. தொலைபேசியில் கேட்டோம். "தாராளமாத் தொறந்து காட்டுங்க" என்று அந்த வீட்டு ஆச்சி உடனே சொல்லிவிட்டார். மழை பெய்கிற நாளாகப் பார்த்துத்தான் போனோம், அது வகுப்பாசிரியரின் யோசனை.

முகப்பைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் மழையில் ஓட்டுத் தூசி போகட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் விழுகிற தண்ணீரைத்தான் அண்டாவில் பிடிப்பார்கள் என்று காவல்காரர் விளக்கினார். நாங்களும் அண்டாவை வைத்தோம். நிரம்பியதும் கணக்குப் பாடம் தானாகத் தொடங்கியது. ஒரு குடத்துக்கு எத்தனை செம்பு? ஒரு குழு எட்டு என்றது, இன்னொரு குழு பதினொன்று என்றது. பெரிய சண்டை. இரண்டு பக்கமும் திரும்ப ஊற்றிப் பார்த்தார்கள், அதே விடைதான். கடைசியில் ஒரு சிறுமி இரண்டு செம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று சின்னது. "அப்போ எல்லாருக்கும் ஒரே செம்பு வேணும் சார்" என்றாள். லிட்டர் எதற்காக வந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிட முடியாது என்று நான் நம்புகிறேன்.

முற்றத்தில் பிடித்ததுபோக மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி அடுத்து வந்தது. தெருவில் இறங்கி, ஓடுகிற தண்ணீரின் பின்னாலேயே நடந்தோம். வாய்க்கால் வழியாக ஊர்க் குளமான ஊருணிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் வரத்துக்கால் பாதி வழியில் பிளாஸ்டிக் பையும் செம்மண்ணும் அடைத்துக் கிடந்தது, தண்ணீர் சாலையில் திரும்பி வீணாகப் போனது. வற்றாத ஆறு இல்லாத இந்தச் செட்டிநாட்டுச் சீமையில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, கூரைத் தண்ணீரையும் தெருத் தண்ணீரையும் அதில் கொண்டுசேர்த்தார்கள் நம் முன்னோர்கள். அந்த வழியை நாம் அடைத்து வைத்திருக்கிறோம் என்பதைப் பிள்ளைகள்தான் காட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களும் உறுப்பினர்களும் மண்வெட்டியோடு இறங்கினோம். பிள்ளைகளைச் சேற்றில் இறங்க விடவில்லை. அவர்கள் கரையில் நின்று "ஊருணியில் குப்பை போடாதீர்" என்று அட்டையில் எழுதிக் கட்டினார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஊருணிக்குள் இறங்கியதை எல்லாரும் போய்ப் பார்த்தோம்.

ஆத்தங்குடிக்குப் போனது ஒரு நாள் பயணம். தரைக்கல் செய்கிற பட்டறையில் அந்தத் தொழிலாளர் கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றினார். அச்சைத் தூக்கியபோது வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நின்றன. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். "சூளையில வைக்க மாட்டீங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். சூளையே கிடையாது, கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம்தான் மேல் பக்கம், அதனால்தான் அந்த வழவழப்பு என்றார் அவர். திரும்பி வந்து வகுப்பில் ஒரு பூக்கல்லை நாலாக மடித்தால் நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்குமா என்று காகிதத்தில் வரைந்து பார்த்தார்கள். அந்தப் படங்கள் இன்று வாசலில் ஒட்டியிருக்கின்றன. போகும்போது நின்று பாருங்கள்.

தை மாதம் அப்பத்தாவே வகுப்பு எடுத்தார், ஓலைக் கொட்டான் முடைய. சாயம் ஏற்றிய பனையோலையை ஒன்று விட்டு ஒன்று கோப்பதில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எல்லாம் வந்துவிட்டது. எல்லாருக்கும் முடிக்க வரவில்லை, அதில் தப்பில்லை.

கீழடிப் பயணம் முதல் முறை நடக்கவில்லை. பேசிய இரண்டு வேன்களில் ஒன்று வரவே இல்லை. முன்பணம் வாங்கியவர் போனையும் எடுக்கவில்லை. பாதிப் பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் மறுத்தேன், இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். கட்டி வந்த புளிச்சோற்றை ஊருணிக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பினோம். சில பிள்ளைகள் அழுதார்கள். இரண்டு வாரம் கழித்து அரசுப் பேருந்திலேயே போனோம். அப்பத்தாவும் வந்தார். பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு வண்டியின் பெயர்ப் பலகையையும் அந்தப் பையன் அவருக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டே நின்றான்.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டப்பட்டது. உள்ளே நுழைந்ததும் "மழையில பாத்த வீடு மாதிரியே இருக்கு" என்று பிள்ளைகள் கத்தினார்கள். உறைகிணறு, எழுத்துப் பொறித்த பானை ஓடு எல்லாம் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் நகராமல் நின்றது சுடுமண் வட்டச் சில்லுகளுக்கு முன்னால். அவர்கள் பாண்டி ஆட உடைந்த ஓட்டைத் தேய்த்து எடுப்பது அதே அளவில்தான். அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் வந்து இறங்கியதும் கட்டம் போட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். பெற்றோர்களும் நாங்களும் காத்துக்கொண்டு நின்றோம்.

செய்யாமல் விட்டதையும் சொல்கிறேன். ஜூனில் தருவதாகச் சொன்ன கதைப் புத்தகங்கள் அக்டோபரில்தான் வந்தன. கழிப்பறைக் கதவைச் சரிசெய்தோம், தண்ணீர்க் குழாய் இன்னும் பாக்கி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வாண்டு மறைந்த நம் உறுப்பினர்களுக்காகக் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்றோம். அவர்களில் ஒருவர் காலை வாசிப்புக்கு வந்துகொண்டிருந்தவர். அவரிடம் வாசித்த சிறுமி இன்னும் அந்த இடத்திலேயே போய் உட்காருகிறாள்.

அடுத்த ஆண்டு இதே பிள்ளைகளோடு நான்காம் வகுப்புக்குப் போக வேண்டும் என்பதும், புதிய மூன்றாம் வகுப்புக்கும் காலை வாசிப்பைத் தொடர வேண்டும் என்பதும் செயற்குழுவின் பரிந்துரை. அதற்கு இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு ஆள் வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களும் பெயர் கொடுக்கலாம். பெரிய வீட்டு ஆச்சி, மழைக்காலம் முழுக்கச் சாவி காவல்காரரிடமே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தோடு இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்