கூட்டல் குறிகள் சொல்லாத கணக்கு: போர் விமானங்களின் தேவைகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

புதிய போர் விமானங்களுக்கான தேவைகளை வகுக்கும் விமானப்படைத் தலைமைகளுக்கும், அவற்றை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

2025 மே மாதம் அமெரிக்க விமானப்படைத் தலைமை வெளியிட்ட போர் விமானங்களின் ஒப்பீட்டு அட்டவணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எஃப்-35க்கு ‘ஸ்டெல்த்’ (ரேடாரில் எளிதில் சிக்காத தன்மை), எஃப்-22க்கு அதனுடன் ஒரு கூட்டல் குறி, வரவிருக்கும் எஃப்-47க்கு இரண்டு கூட்டல் குறிகள். வேகம், தாக்கு தூரம், எண்ணிக்கை எல்லாம் இருந்தன. ஆனால் அவற்றில் எத்தனை விமானங்கள் எந்த நேரமும் பறக்கத் தயாராக நிற்கும் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. இம்மடலை எழுத வைத்தது அந்த விடுபாடுதான்.

ரேடார் கண்டறியும் தொலைவு, விமானம் ரேடார் அலையை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதைக் குறிக்கும் எதிரொளிப்புப் பரப்பின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. பரப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் தொலைவு பாதிக்குச் சற்று மேலேயே நிற்கும். தொலைவைப் பத்தில் ஒன்றாக்க, பரப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும். ஆகவேதான் ஒவ்வோர் இடுக்கும், ஒவ்வொரு திருகின் தலையும் கணக்கில் வருகிறது; ஆயுதங்களும் எரிபொருளும் உடலுக்குள்ளேயே அடங்க வேண்டியிருக்கிறது. இவை நீங்கள் அறிந்தவை. அவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை.

நான் பேச வந்தது கொட்டகையில் நிற்கும் தொழில்நுட்பப் பணியாளரைப் பற்றி. பழுதான பாகம் ஒரு மூடித் தகட்டின் பின்னால் இருக்கிறது. அதைத் திறக்க, விளிம்பு இடுக்கை நிரப்பியுள்ள பசையையும் திருகுத் தலைகளை மூடியுள்ள, ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சையும் அவர் முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். பாகத்தை மாற்றிய பின் தகட்டைப் பொருத்தி, இடுக்கை மீண்டும் நிரப்பி, மேடுபள்ளம் இல்லாமல் தேய்த்து, சுவாசக் கவசம் அணிந்து அடுக்கடுக்காகப் பூசி, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள் வைக்கப்பட்ட இடத்தில் அது இறுகும் வரை காத்திருக்க வேண்டும். பாகத்தை மாற்ற ஆகும் நேரத்தைவிடப் பூச்சைச் சீராக்க ஆகும் நேரம் நீண்டுவிடுகிறது. அதுவரை அந்த விமானம், எத்தனை கூட்டல் குறிகள் பெற்றிருந்தாலும், தரையில்தான்.

2018 அக்டோபரில் மைக்கேல் சூறாவளி ஃபுளோரிடாவின் டிண்டல் விமானப்படைத் தளத்தைத் தாக்கியபோது, பழுதுபார்ப்பில் இருந்ததால் பறந்து தப்ப முடியாத எஃப்-22 விமானங்கள் கொட்டகைகளிலேயே விடப்பட்டன. அவை யாவும் பூச்சுக்காகவே நின்றவை என்று நான் சொல்லவில்லை. ஆயினும், உலகின் மிக விலை உயர்ந்த போர் விமானங்களுள் சில புயலை விட்டு விலகக்கூட இயலாமல் நின்றதைப் பார்த்த பிறகாவது தேவைப் பட்டியல் மாறியிருக்க வேண்டாமா? 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களுள் ஏறத்தாழ 55 விழுக்காடே பணிக்குத் தகுதியான நிலையில் இருந்தன என்று அந்நாட்டின் அரசுத் தணிக்கை அமைப்பே கூறியது. உதிரிபாகத் தட்டுப்பாடு முதல் பழுதுபார்ப்பு நிலையங்களின் போதாமை வரை அதற்குக் காரணங்கள் பல; எல்லாவற்றிற்கும் வேர், பராமரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

ஆகவே கேட்கிறேன்: ஒரு விமானத்தைப் பறக்கும் நிலையில் வைக்க ஆகும் பராமரிப்பு நேரத்தை, வடிவம் இறுதியாகும் முன்பே, ஸ்டெல்த்துக்கு இணையான கட்டாயத் தேவையாக எழுதுங்கள். இது இயலாத ஒன்றன்று. எஃப்-22இன் பூச்சைப் பராமரிக்கப் பட்ட பாட்டுக்குப் பிறகு, எஃப்-35இல் ரேடாரை உறிஞ்சும் அடுக்கை மேற்பூச்சாக மட்டும் விடாமல் உடற்தகட்டிலேயே பதித்தார்கள்; அடிக்கடி திறக்கும் மூடிகளைப் பூச்சைக் குலைக்காமல் திறக்க வழி செய்தார்கள். கேட்டால் பொறியாளர்கள் செய்கிறார்கள். கேட்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அதே விமானமே சான்று: அதிவேகத்தில் வால்பகுதிப் பூச்சு சேதமடைந்தபோது, எஃப்-35பி, எஃப்-35சி வகைகளில் குறையை நீக்காமல், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துவதே தீர்வாக ஏற்கப்பட்டது.

எதிரொளிப்பு அளவை இரகசியமாக வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மக்கள் பணத்தில் வாங்கிய விமானங்களுள் எத்தனை பறக்கின்றன என்பதையும் அதே திரைக்குப் பின்னால் மறைப்பது, எதிரியிடமிருந்து காப்பதற்காக அன்று, கேள்வியிலிருந்து தப்புவதற்காக. பூச்சு இறுகக் காத்திருக்கும் பணியாளருக்கும், அந்த விமானத்துக்காகக் காத்திருக்கும் விமானிக்கும் இந்த உண்மை தெரிந்தே இருக்கிறது.

எனவே மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். பராமரிப்பு நேரத்தைத் தொடக்கத்திலேயே கட்டாயத் தேவையாக்குங்கள். அடுத்த தேவைப் பட்டியலை எழுதும் குழுவில், தகட்டைத் திறந்து மூடிப் பழகிய பணியாளர்களுக்கும் கருத்துச் சொல்லும் உரிமையுடன் இடம் கொடுங்கள்.

அன்புடன்,
போர் விமானங்களின் வடிவமைப்பை அக்கறையோடு தொடர்ந்து கவனிக்கும் ஒருவர்