பிஞ்சு வெம்பினால் மருந்து எழுதித் தருவோருக்கு

பயிர் ஆலோசனை சொல்லும் அன்பர்களுக்கு,

வணக்கம். பூசணிப் பிஞ்சு கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளித்து விழுகிறது என்று யார் கேட்டாலும், பழ ஈ என்றோ சத்துக் குறைவு என்றோ சொல்லி மருந்து எழுதிவிடுகிறீர்கள். பழ ஈ குத்தியிருந்தால் ஊசித்துளையும் கசியும் பிசினும் தெரியும். அறுத்தால் புழு நெளியும். இவை இல்லையென்றால் முதலில் கேட்க வேண்டியது, பூ விரிந்த காலையில் தேனீ வந்ததா என்பதைத்தான்.

பெண் பூவின் அடியில் மொட்டிலேயே தெரியும் அந்தக் குட்டிக் காய், சூலகம். மகரந்தம் சேராவிட்டால் சில நாளில் வெம்பி உதிர்ந்துவிடும். காய்த்து உதிர்ந்தது என்கிறோம். அது காய்க்கவே இல்லை.

சேர்ந்தாலும் அரைகுறையாகச் சேரலாம். பூசணிப் பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடி மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அதில் படியும் ஒவ்வொரு மகரந்தத் தூளும் முளைத்து, மெல்லிய குழாய் விட்டு இறங்கி, ஒரே ஒரு சூலைத்தான் விதையாக்கும். நூற்றுக்கணக்கில் விதை வேண்டுமானால் தூளும் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஒரு மடலில் மட்டும் பட்டால் விதை பிடிக்காத பக்கம் சூம்பி, காய் கோணிவிடும். அதற்கும் போரான் என்ற நுண்சத்தை எழுதுகிறீர்கள்!

தேனீ குறைவென்றால் கைச்சேர்க்கையைச் சொல்லிக்கொடுங்கள். காலை 6 முதல் 9 மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்தெடுத்து, நடுத்தண்டை மூன்று மடலிலும் மெதுவாகத் தடவ வேண்டும். தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். பனியில் நனைந்து திரண்ட தூள் உதவாது. ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். கொடியில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே, அப்போது காயில்லையே என்று பதற வேண்டாம். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் பெண் பூ இன்னும் தாமதமாகும்.

இன்னொன்று. மருந்தை மாலையில் அடிக்கச் சொல்கிறீர்கள். பூசணிக்கு அது சரி, பூ மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். சுரையும் பீர்க்கும் விரிவதோ மாலையில். அவற்றுக்குக் கைச்சேர்க்கையும் அப்போதுதான். அந்தி நேரத்தில் சுரைப் பந்தலில் அடித்த மருந்து, பூ தேடி வரும் அந்துப்பூச்சியின் மேல்தான் விழும். ஆகவே சீட்டில் மருந்தின் பெயருக்கு மேலே, பூ எப்போது விரியும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொடிக்காய்களில் விதை எடுப்போர்