நாட்டுக்கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் 2023–24 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, அக்கா தங்கச்சிமாரே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வெள்ளம் வந்த மார்கழியில் மட்டும் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

2023 டிசம்பர் 17, 18 பெய்த மழையில் தாமிரபரணிக் கரையிலிருக்கும் உறுப்பினர்கள் பலர் கோழியைக் கூட்டோடு பறிகொடுத்தார்கள். அடைக்கோழியை முட்டையும் கடகப்பெட்டியுமாக மச்சுக்குத் தூக்கிப்போய்க் காப்பாற்றிய சேரன்மகாதேவி அக்காவை இந்தச் சபை எழுந்து பாராட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் சுத்தமான சிறுவிடைக் (சிற்றுடல் நாட்டுக்கோழி இனம்) குஞ்சுகளில் அந்தப் பெட்டியில் பொரித்தவையும் உண்டு.

மற்றவர்கள் அவசரத்தில் வெளியே குஞ்சு வாங்கினோம். நானும் வாங்கினேன். சிறுவிடை என்று சொல்லித்தான் வியாபாரி கொடுத்தார். இரண்டரை மாதத்திலேயே அவை கனத்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. பங்குனியில் ஒன்றை அறுத்தோம். வயிற்றைக் கீறியதும் இரைப்பையைச் சுற்றி உள்ளங்கை நிறைய மஞ்சள் நெய், அதாவது கொழுப்பு. அன்றே அறுத்த என் மாமியாரின் சிறுவிடையில் அதே இடத்தில் விரல்நுனி அளவுதான் இருந்தது. இரண்டும் ஒரே முற்றத்தில் ஒரே குருணையைத் தின்றவை.

இதைக் கூட்டத்துக்கு வந்திருந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டோம். அவர் சொன்னதை விரிவாகவே பதிகிறேன், ஏனென்றால் நம் பிழைப்பே இதில் இருக்கிறது. பன்றிக்குக் கொழுப்பு பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே உருவாகிறது. கோழிக்கு அப்படியில்லை, ஈரல்தான் அடுப்பு. தின்ற மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்ப, அது வயிற்றில் போய்ப் படிகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிகளுக்கான மரபணுக்கள் எல்லாக் கோழியிலும் உண்டு. அவை எந்த உறுப்பில், எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்பதில்தான் இனத்துக்கு இனம் வேறுபாடு. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். முட்டைக்கு வந்த கோழியில் நெய் கூடும் என்று நம் ஆச்சிமார் சொல்வதும் சரியே. அந்தப் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரந்து, மஞ்சள் கருவுக்காக ஈரலை முடுக்கிவிடுகிறது.

அவர் காட்டிய இன்னொரு உதாரணம் நம் மலைக்கே சொந்தமானது. கோழிக்கு மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் தரும் மரபணு வடிவம், சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு கண்டது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் கூவுகிறதே, அதே பறவை. மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் அந்த மரபணு இந்தக் கோழிகளின் ஈரலில் வேலை செய்கிறது, தோலில் அடங்கிவிடுகிறது. அதனால் தீவனத்தில் வரும் மஞ்சள் தோலில் தங்கிவிடுகிறது. காட்டுக்கோழியைப் பிடித்து வந்து கலப்பு போடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அது வனச்சட்டப்படி குற்றம். சங்கம் ஒருபோதும் துணை நிற்காது.

இனம் ஒரு பக்கம் என்றால் தீனி மறுபக்கம். மாவுச்சத்து மிகுந்து புரதம் குறைந்தால் எந்த இனத்துக்கும் நெய் கூடும். குருணையும் மக்காச்சோளமும் மட்டும் போட்டால் போதாது. கடலைப் புண்ணாக்கு, அசோலா என்ற நீர்ப்பாசி போன்ற செடி, கரையான் சேருங்கள். மேயவும் விடுங்கள்.

வெள்ளைக் கழிச்சல் என்னும் கோழிக் கொள்ளைநோய்க்குக் குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் விடும் சொட்டு மருந்தைச் சிலர் இந்த ஆண்டும் தவறவிட்டார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம்.

செயற்குழு எடுத்த முடிவுகள்: வரும் ஆண்டு குஞ்சுகளை உறுப்பினர்களுக்குள்ளேயே வாங்கிக்கொள்வது, ஊருக்கு ஒரு வீட்டில் கலப்பில்லாத சிறுவிடைச் சேவலை வைத்து, ஆண்டுக்கொரு முறை ஊர் மாற்றி விடுவது. முதல் சேவலை அந்தச் சேரன்மகாதேவி அக்காவே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வறிக்கையை மகாசபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்