மாப்ளைக்கு, மெழுகு விஷயமாக

தஞ்சாவூர்
15-6-2025, ஞாயிறு ராத்திரி

மாப்ள,

பொங்கலுக்கு நீ அனுப்பிய மெசேஜுக்கே இன்னும் பதில் போடவில்லை. மூன்று தடவை போனை எடுத்தேன், உன் பெயர் வரைக்கும் போய்க் கீழே வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ சிரித்தே விஷயத்தைக் கரைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால், எனக்கு அம்மா. சின்னவள் பத்தாவது தேறிவிட்டாள், மார்க்கைக் கேட்காதே. குண்டு மணி வீடு கட்டுகிறான், அதையும் கேட்காதே.

உன் டப்பிங் தியேட்டரில் கழித்துக் கட்டிய ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்பி ஹெட்போனை, "குப்பைக்குப் போறதுக்கு உன்கிட்டயே போகட்டும், ரெண்டும் ஒண்ணுதான்" என்று கையில் திணித்தாயே, அது ஆறு மாதம் அலமாரியில் தூங்கியது. ஜனவரியில் ஒரு நாள் எடுத்துப் போனில் செருகினேன். பாட்டு அடுத்த வீட்டில் ஓடுகிற மாதிரி இருந்தது. மின்தடை 50 ஓம்தான், ஆனாலும் போனுக்கு அதைத் தள்ளுகிற தெம்பு இல்லை. பரணிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயரை இறக்கிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

காதில் படுகிற பேடைக் கழற்றினால் நாலு திருகாணி. முதல் திருகாணியைக் கழற்றி மேலே தூக்குகிறேன், திருப்புளி முனையிலிருந்து தாவிப் போய் டக்கென்று, சத்தத்தை உண்டாக்குகிற டிரைவரில் ஒட்டிக்கொண்டது. காந்தம் அவ்வளவு பலம். மற்ற ஹெட்போனில் இருக்கிற கூம்பு, சுருள் எதுவும் இதில் கிடையாது. காந்தப் பட்டைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தாள், அதன்மேல் கோலம் போட்ட மாதிரி உலோகக் கோடு. கரண்ட் போனால் தாள் முழுக்க ஒரே சேர அசைகிறது. நீ பதினைந்து வருஷம் தலையில் மாட்டியவன், ஆனால் ஒரு நாளும் திறந்து பார்த்திருக்க மாட்டாய். நம் இரண்டு பேரில் திறந்து பார்க்கிறவன் எப்போதும் நான்தான். மாட்டிக்கொள்கிறவனும் நான்தான். சாட்சிக்கு ஹாஸ்டல் வார்டனின் ரேடியோ ஒன்று போதும்.

தாள் முன்னால் தள்ளுகிற அளவுக்குப் பின்னாலும் காற்றைத் தள்ளும். பின்பக்கம் போன சத்தம், காதை மூடுகிற பிளாஸ்டிக் கப்பில் முட்டித் திரும்பி, அந்த மெல்லிய தாள் வழியாகவே காதுக்கு வந்து சேரும். பாடுகிறவருக்குப் பின்னால் இன்னொருத்தன் முணுமுணுக்கிற மாதிரி. கப்பும் தன் பங்குக்கு அதிரும். ஆகவே கப்பைக் கனமாக்கி அதன் வாயை அடைக்க வேண்டும், உள்ளே சுற்றுகிற சத்தத்தைப் பஞ்சோ ஃபெல்ட்டோ வைத்துக் குடிக்கவிட வேண்டும். இந்த ஹெட்போனை வைத்து ஊர் உலகமே இதைச் செய்திருக்கிறது. சான் டியேகோவில் டான் கிளார்க், சிகாகோப் பக்கம் ஜாக் மெர்பாக், இரண்டு பேரும் இன்றைக்கு லட்ச ரூபாய்க்கு மேல் விலை போகிற ஹெட்போன்கள் செய்கிறார்கள். ஆரம்பித்தது இதே டி50ஆர்பியைப் பிரித்து மேய்ந்துதான். இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "நீங்க மூணாவது ஆளா?" என்று கேட்டுவிட்டு அவள் பருப்பை இறக்கப் போய்விட்டாள்.

முதலில் சின்னவளின் பழைய கிளேயை உருட்டி கப்பின் உள்சுவரில் அப்பினேன். நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது. விரலால் தட்டினால் டொக் என்று கேட்டது, முன்பு டங் என்று கேட்டது. தலைகால் புரியாமல், குண்டு மணிக்குக் காட்ட ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துக் கும்பகோணம் போனேன். பங்குனி வெயில். போய்த் திறந்தால் கிளே எண்ணெய் விட்டு, வழிந்து, ஃபெல்ட்டின் மேல் அல்வா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பல்குச்சியும் பஞ்சும் வைத்து மூன்று ராத்திரி சுரண்டினேன். குண்டு மணி அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறான், உனக்கு அனுப்பியிருப்பான்.

மரத்துக்குப் போகலாம் என்று அப்போதுதான் தோன்றியது. மெர்பாக்கும் மரக் கப்பில்தான் பெயர் வாங்கினார். பார்க்கவும் லட்சணமாக இருக்கும், உன் தியேட்டர் ஸ்டிக்கர் ஒட்டிய அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்கை எத்தனை நாள் பார்ப்பது? தஞ்சாவூரில் இருந்துகொண்டு மரத்துக்கு அலைய வேண்டுமா? அப்பாவின் வீணையில் தந்திக்கு அடியில் இருக்கிற மெட்டுகளை மாற்றிக் கொடுத்தாரே அந்த ஆசாரி, அவரிடமே போனேன். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வந்தபோது பேப்பரில் வந்த படத்தை இன்னும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பட்டறை மூலையில் ஒரே கட்டையில் குடைகிற ஏகாந்த வீணைக்கு அறுத்ததில் மிஞ்சிய பலாக்கட்டை கிடந்தது, நன்றாகக் காய்ந்தது, உள்ளே மஞ்சள் ஏறித் தேன் நிறம்.

வட்டமாக இருந்தால் கடைசல் பட்டறையில் அரை மணி வேலை. டி50ஆர்பியின் கப் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. உளியால்தான் குடைய வேண்டும். பழைய கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சுண்டிப் பார்த்தார், பிறகு கேட்டார்: "இதுக்குப் பேச்சு வேணுமா, வேணாமா?"

"வேணாங்க ஐயா. ஊமையா இருக்கணும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஐம்பது வருஷமா மரத்தைப் பேச வைக்கத்தான் கூலி வாங்குறேன். ஊமையாக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான் தம்பி."

ஆனால் அவருக்கு அது பிடித்துப் போய்விட்டது, மாப்ள. வீணைக் குடத்தில் எங்கெல்லாம் சுவரை இழைத்து மெலிய வைப்பாரோ, அங்கெல்லாம் இதில் தடிமனாக விட்டார். எட்டு மில்லிமீட்டர். நான் கிளே கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, மெட்டுகளைப் பதிக்கிற மெழுகை எடுத்துக் காட்டினார். இருபத்துநாலு மெட்டையும் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற, தேன்மெழுகில் கரி சேர்த்த அந்தக் கறுப்பு மெழுகு. தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் ஊர் வெயில் அதுவரை போகாது. சுட வைத்து, கட்டைவிரலால் கப்பின் உள்ளே இழுத்து இழுத்துப் பூசினார். காய்ந்ததும் தட்டினால் கருங்கல். பட்டறை முழுக்கத் தேன் வாசனை.

ஒயர் வேலை நானே. அந்த முடிக்கம்பியின்மேல் வார்னிஷ் பூசியிருக்கும், சுட்டுச் சுரண்டாவிட்டால் ஈயம் ஒட்டவே ஒட்டாது, பாதி நாள் அதில் போயிற்று. லேபில் நீ சாரின் பேண்டில் போட்ட ஓட்டைக்கு அப்புறம் நான் சால்டரிங் அயர்னைத் தொட்டது இப்போதுதான். பேடும் புதிது, முன்னதைவிடக் கனமானது. கண்ணாடிக் காம்பு பேடுக்கு அடியில் கிடந்தால் அந்தச் சந்து வழியாகவே பேஸ் ஓடிவிடுகிறது, பாட்டுக் கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன்.

பிறகு ஆரம்பித்தது சுருதி சேர்க்கிற வேலை. கப்பின் பின்னால் சுண்டுவிரல் நுழைகிற துவாரம், அதன்மேல் ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற பேப்பர் பிளாஸ்திரி. ஒரு அடுக்கு கூட்டினால் பேஸ் ஒரு மாதிரி, கிழித்தால் இன்னொரு மாதிரி. மிருதங்கக்காரர் தொப்பியில், அதான் அந்த இடது பக்கத் தோலில், ரவையை அப்பி, தட்டி, துளி கிள்ளி எடுத்து, மறுபடி தட்டுவாரே, அதே கதைதான். ராத்திரி பதினொன்றுக்கு மேல் மொட்டை மாடியில் உட்கார்ந்து மிருதங்கத்தின் கும்கி நாதம் ஒன்றை மட்டும் இருபது தடவை கேட்பேன். ஹாஸ்டலில் பானைக்குள் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, தண்ணி ஊத்தினா பேஸ் கூடும் என்று நீ அடித்துச் சொன்ன நாள் ஞாபகம் வரும்.

இங்கேதான் கழுதை கட்டெறும்பானது. ஏப்ரல் நடுவில் இடது பக்கம் மந்தமாகத் தெரிந்தது. பாடகர் குரல் மூக்குக்கு நேரே நிற்க வேண்டும், வலது புருவத்தின் மேல் நின்றது. இடது கப்பைத் திறந்து பஞ்சை எடுத்தேன், கொஞ்சம் நகர்ந்தது. ஃபெல்ட்டை எடுத்தேன், இன்னும் கொஞ்சம். வலது பக்கம் பஞ்சைத் திணித்தேன், டிரைவருக்கு முன்னால் டிஷ்யூ பேப்பர் மூன்று அடுக்கு வைத்தேன். ஒரு மாதம், மாப்ள. ஒரு நாள் குரல் மூக்குக்கு நேரே வந்து நின்றதும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

மறுநாள் சின்னவள் எடுத்து மாட்டினாள். "அப்பா, லெஃப்ட்ல கத்துது. ரைட்டுக்குப் போர்வை போத்தி வச்சிருக்கீங்களா?"

நீ முதல் நாளே கேட்டிருப்பாய், திருப்பி மாட்டிப் பார்த்தியாடா என்று. மாட்டவில்லை. இத்தனை டப்பாக்களைப் பிரித்தவனுக்கு அது தோன்றவில்லை. அவள் சொன்ன பிறகு மாட்டினேன். குரல் வலது காதைத் தாண்டி வெளியே போய் நின்றது. கோளாறு ஹெட்போனில் இல்லை.

காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள மெழுகு அடைச்சிருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எப்படி சார் காதுக்குள்ள போச்சு? கப்போட பின்பக்கமில்ல பூசினோம்?" அவர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் என்னைப் பார்த்தார். ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சி எடுத்தார்கள். வந்து விழுந்தது சரியாகப் பட்டாணி அளவு. சிரித்துக்கொள்.

வெளியே வந்தால் ஊரே இரைச்சல். செருப்புச் சத்தம், ஃபேன் கிரீச்சு, அடுப்படியில் அவள் என்னைப் பற்றி முணுமுணுக்கிறது, எல்லாம் கேட்டது. ஆசையாக ஹெட்போனை மாட்டினேன். இடது பக்கம் ஊசியால் குத்திய மாதிரி. நான் ஒரு மாதம் சுருதி சேர்த்தது ஹெட்போனுக்கு இல்லை, குறும்பிக்கு.

இதுவரை சிரித்தது போதும். அழுக்கை எடுத்த பிறகு டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். குளிர்சாதனப் பெட்டி மாதிரி ஒரு அறை, காதில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். 250 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 8000 வரைக்கும் போனார்கள். நடுவில் ஓரிடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் குமிழைத் திருகுகிறாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் திருகுகிறாள். நான் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு அவள் கையையே பார்க்கிறேன். அந்தச் சில விநாடி எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தாளில் கோடு நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்து, 8000-இல் மறுபடி ஏறுகிறது. இரண்டு காதிலும். "மிஷின் வேலையா, பட்டாசா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, முப்பது வருஷமாகப் பாட்டு என்றேன். இரைச்சலில் அடிபட்ட காது முதலில் அந்த இடத்தில்தான் குழி விழுமாம். உள்ளே இருக்கிற மயிரிழைச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஒரு நாளில் காது தாங்குவது 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், 88 என்றால் நாலு, 91 என்றால் இரண்டு. மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதி. உனக்குத் தெரியாத கணக்கில்லை. தெரிந்துகொண்டு நீ என்ன செய்தாய்?

கோபி மகள் கல்யாணத்தில் பந்தியில் நீ ஓடிப் போய் இடது கோடியில் உட்கார்ந்தாய். வலது காது எல்லோர் பக்கமும் இருக்கும்படி. அப்போது எனக்குப் புரியவில்லை. கோபி பேசினதுக்கு மூன்று தடவை "என்னது?" என்றாய், நாதஸ்வரத்தின் மேல் பழி போட்டாய். நாதஸ்வரக்காரர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மாப்ள, நமக்கு எதிர் இலையில். தியேட்டர் பசங்க "அண்ணன் மிக்ஸ் இப்பல்லாம் காரமா இருக்கு, வசனத்துல ஸ, ஷ எல்லாம் உறைக்குது" என்கிறார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். எனக்கு அதுதான் தூக்கம் போகிறது. காதில் குறைந்ததைக் கையால் ஏற்றுகிறாயோ என்று. நான் டிஷ்யூவும் பஞ்சும் வைத்துச் செய்ததை நீ கன்சோலில் செய்கிறாயோ என்னவோ. என்னுடையது பட்டாணி, எடுத்துப் போட்டாயிற்று. உன்னுடையதும் பட்டாணியாகவே இருக்கட்டும், ஆனால் யாராவது டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தொழில் போய்விடுமோ என்று பயப்படுகிறாய், அது எனக்குத் தெரியும். தியேட்டரில் யாருக்கும் சொல்ல வேண்டாம். நான் சென்னைக்கு வருகிறேன், சேர்ந்தே போகலாம்.

ஹெட்போனை மறுபடி முழுக்கப் பிரித்துவிட்டேன். இந்தத் தடவை காதை நம்பவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வரவழைத்த சின்ன மைக் குமிழைக் கார்க்கில் துளை போட்டுச் செருகி, ஆர்இடபிள்யூ என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறதே, அதில் இரண்டு கப்பையும் அளந்தேன். இப்போது இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுகிறது, மேலே கொஞ்சம் பிசிறு, அது என் கார்க்கின் யோக்கியதை. ஆசாரி கேட்காமலேயே இரண்டு கப்பிலும் எலும்பு நிறப் பிளாஸ்டிக்கில் வீணைக்குப் போடுகிற கொடி வேலைப்பாட்டைப் பதித்துவிட்டார். அவ்வளவு அழகு. எடை சமையல் தராசில் 480 கிராம், கழுத்துக்குத்தான் கேடு. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தோல் பட்டை ஒன்று அகலமாகத் தைத்து வாங்கியிருக்கிறேன்.

எப்படியும் இது உன்னுடையதுதான், உனக்கே பார்சல் போட எடுத்து வைத்திருக்கிறேன். ஆடியோகிராம் தாளைப் படம் எடுத்து அனுப்பு. அது வந்த அன்றைக்கு இது கிளம்பும்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல், கடிதத்தை மட்டும் காட்டாதே.

உன்
பட்டாணி

பி.கு: ஆசாரி இன்று மதியம் போன் செய்தார். இன்னொரு ஜோடி செய்து பார்க்கிறாராம், இந்தத் தடவை பேசுகிற மாதிரி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.